சித்ரகிரீவனைப் பறக்கவிட்டவர்

வேடன் விரித்த வலையில் அகப்பட்ட புறாக்கள் ஒருமித்து எழுந்து, வலையையும் தூக்கிக்கொண்டு வானில் பறந்த கதையை நாம் எல்லோரும் பள்ளிப் பருவத்தில் கேட்டிருக்கிறோம். பஞ்சதந்திரத்தில் வரும் அக்கதையில், புறாக்களுக்கு அரசனாய் நின்று வழிகாட்டும் பறவையின் பெயர் சித்ரகிரீவன். வண்ணக் கழுத்தை உடையவன் என்பது அதன் பொருள். இந்தப் பழம்பெயரைச் சுமந்த ஒரு புறாவின் கதை, 1928-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுச் சிறுவர் இலக்கியத்தின் மிக உயர்ந்த பரிசைப் பெற்றது. அதை எழுதியவர் வங்காளத்தில் பிறந்து, கையில் காசின்றி அமெரிக்கக் கரையில் இறங்கிய ஓர் இந்தியர். அவர்தாம் தனகோபால் முகர்ஜி.

புலம்பெயர்ந்தோர் வாழ்வை இளைஞருக்கான கற்பனைக் கதைகளாக வடிப்பது இன்று மேலைநாடுகளில் பெருகி வளர்ந்துள்ள ஓர் இலக்கியத் துறை. பேசும் விலங்குகளும், மாய வழிகளும், காவியப் பாத்திரங்களும் அக்கதைகளில் உலவுகின்றன. அத்துறைக்குப் பெயர்கூடச் சூட்டப்படாத காலத்தில் அந்தப் பாதையில் நடந்தவர் முகர்ஜி. அவரைப் பரிசளித்துப் போற்றிய நாடு, அவரைத் தன் குடிமகனாக ஏற்க மறுத்த நாடாகவும் இருந்தது. இந்த முரண்பாட்டை நெஞ்சில் நிறுத்திக்கொண்டு அவர் வரலாற்றைக் காண்போம்.

காட்டோரத்துப் பிள்ளை

1890-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 6-ஆம் நாள், கல்கத்தாவுக்கு அருகே காட்டை ஒட்டிய ஓர் ஊரில், பிராமணக் குடும்பத்தில் தனகோபால் பிறந்தார். ஊர்க் கோயிலின் பொறுப்பு அக்குடும்பத்தினரிடம் இருந்தது. அன்னையார் ஏட்டுக் கல்வி பெறாதவர். ஆயினும் இராமாயணமும் பாரதமும் புராணக் கதைகளும் அவர் நாவில் குடியிருந்தன. மாலை வேளைகளில் அவர் மடியில் கேட்ட கதைகளே தனகோபாலின் முதற் பாடநூல்கள். பிற்காலத்தில் அவர் எழுதிய யானைக்கும் புலிக்கும் குரங்குக்கும் குரல் கொடுத்தது அந்த மடிதான் எனலாம்.

குலவழக்கப்படி அவர் அர்ச்சகராவதற்கான பயிற்சி பெற்றார். அப்பயிற்சியின் ஒரு பகுதியாகச் சிறுவயதிலேயே துறவிபோல் ஊர் ஊராய்ச் சுற்றிப் பிச்சை ஏற்று உண்டார். சில காலம் கோயிற்பணி புரிந்த பின், அது தம் உள்ளத்துக்கு உகந்ததன்று என உணர்ந்து கல்லூரிப் படிப்பை நாடினார்.

அது வங்கம் கொந்தளித்த காலம். 1905-இல் கர்சான் பிரபு வங்காளத்தை இரண்டாகப் பிரித்தார். சுதேசி இயக்கம் தெருவெங்கும் தீயாய்ப் பரவியது. தனகோபாலின் அண்ணன் ஜாதுகோபால் முகர்ஜி, யுகாந்தர் என்னும் புரட்சி இயக்கத்தில் ஈடுபட்டார். 1915-இல் பாகா ஜதீன் வீரமரணம் எய்திய பிறகு அவ்வியக்கத்துக்குத் தலைமை தாங்கியவரும், நெடுங்காலம் தலைமறைவாய் வாழ்ந்தவரும் அவரே. அண்ணன் நாட்டுக்குள்ளேயே மறைந்து வாழ நேர்ந்தது. தம்பியோ நாட்டை விட்டே சென்றார்.

கடல் கடந்த கூலி

தனகோபால் முதலில் சென்றது ஜப்பானுக்கு. இயந்திர நெசவுத் தொழிலைக் கற்றுத் திரும்பினால் தாயகத்துக்குப் பயன்படும் என்பது அக்கால இளைஞர் பலரின் எண்ணம். ஆனால் தொழிற்சாலை வாழ்வு அவருக்கு ஒவ்வவில்லை. மனிதன் இயந்திரத்துக்கு உறுப்பாகிவிடும் நிலையைக் கண்டு மனம் கசந்து, 1910-இல் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகருக்குக் கப்பலேறினார்.

அந்த ஆண்டில் அந்நகரத்துக்கு வந்த ஆசியர்களுக்குக் கிடைத்த வரவேற்பு எத்தகையது? மூன்றாண்டுகளுக்கு முன், 1907-இல், வடக்கே வாஷிங்டன் மாநிலத்தின் பெல்லிங்ஹாம் நகரில், மரம் அறுக்கும் ஆலைகளில் வேலை செய்த இந்தியத் தொழிலாளர்களை ஒரு கும்பல் அடித்து ஊரை விட்டே விரட்டியிருந்தது. சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவின் ஏஞ்சல் தீவில், ஆசியாவிலிருந்து வருவோரை நிறுத்தி வைத்து விசாரிக்கும் நிலையம் 1910-இல்தான் திறக்கப்பட்டது. இத்தகைய கரையில்தான் இருபது வயதை ஒட்டிய அந்த இளைஞர் கால் வைத்தார்.

பெர்க்கிலியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். படிக்க இடம் கிடைத்தது; உண்ண வழி கிடைக்கவில்லை. சாப்பாட்டு விடுதிகளில் தட்டுக் கழுவினார். வீடுகளில் ஏவல் வேலை பார்த்தார். விடுமுறைக் காலங்களில் கலிபோர்னியாவின் காய்கறி வயல்களில் பஞ்சாபிலிருந்து வந்திருந்த கூலியாட்களோடு குனிந்து நிமிர்ந்து வேலை செய்தார். தெருமுனைகளில் பெட்டிமேல் ஏறி நின்று பேசும் சமதர்மவாதிகளோடும், அரசே வேண்டாம் என்னும் கொள்கையினரோடும் பழகினார். பின்னர் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்துக்கு மாறி, 1914-இல் பட்டம் பெற்றார்.

இக்காலத்து அனுபவங்களைப் பிற்பாடு 1923-இல் தம் தன்வரலாற்று நூலில் எழுதினார். அந்நூலின் ஆங்கிலப் பெயர் 'காஸ்ட் அண்டு அவுட்காஸ்ட்'. அதாவது சாதியும் சாதிக்குப் புறம்பானவனும். நூலின் முற்பாதி இந்தியாவில் கழிந்த இளமை. பிற்பாதி அமெரிக்காவில் பட்டபாடு. இத்தலைப்பு சிந்திக்கத் தக்கது. சாதி ஏணியின் மேற்படியில் பிறந்த ஒருவர், கடல் கடந்து சென்றதும் வாசலுக்கு வெளியே நிறுத்தப்படுகிறார். தாம் பிறந்த மண்ணில் பிறரை வெளியே நிறுத்திய கதவு ஒன்று உண்டு என்பதையும், அக்கதவின் மறுபுறம் எவ்வளவு குளிரும் என்பதையும் அயல்நாடு ஒருவருக்குக் கற்பிக்கக்கூடும். அந்தப் பாடத்தையே அவர் தலைப்பாக்கினார் எனக் கொள்ளலாம்.

அடைபட்ட வாயில்

அமெரிக்காவின் 1790-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், வெள்ளையராய்ப் பிறந்த சுதந்திர மனிதருக்கு மட்டுமே குடியுரிமை வழங்க இடமளித்தது. 1870-இல் அது ஆப்பிரிக்க வழியினருக்கும் விரிவாக்கப்பட்டது. ஆசியர் நிலை மட்டும் அந்தரத்தில் தொங்கியது. 1917-இல் இயற்றப்பட்ட குடியேற்றச் சட்டம், இந்தியா உள்ளிட்ட ஆசியப் பகுதிகளைத் தடைசெய்யப்பட்ட மண்டலமாக்கி, அங்கிருந்து தொழிலாளர் வருவதை அறவே நிறுத்தியது. 1923-இல் பகத்சிங் திந்து என்பவரின் வழக்கு உச்சநீதிமன்றத்துக்கு வந்தது. முதல் உலகப் போரின்போது அமெரிக்கப் படையில் பணியாற்றிய சீக்கியர் அவர். இந்தியர்கள் வெள்ளையர் என்னும் வரையறைக்குள் அடங்கார். ஆகவே குடியுரிமை பெறத் தகுதியற்றவர்கள் என்று அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்னர்க் குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் பலரிடமிருந்தும் அது பறிக்கப்பட்டது. முகர்ஜி தம் தன்வரலாற்றை வெளியிட்டதும் அதே 1923-ஆம் ஆண்டில்தான்.

1918-இல் அவர் எத்தல் ரே டூகன் என்னும் அமெரிக்கப் பெண்மணியை மணந்தார். அயல்நாட்டானை மணக்கும் அமெரிக்கப் பெண் தன் குடியுரிமையை இழந்து கணவனின் நாட்டினளாகக் கருதப்படுவாள் என்னும் 1907-ஆம் ஆண்டுச் சட்டம் அப்போது நடப்பில் இருந்தது. காதலுக்கும் சட்டம் கட்டணம் விதித்த காலம் அது! இவ்விணையருக்கு ஒரு மகன் பிறந்தான். தந்தையின் பெயரே மகனுக்கும் வைக்கப்பட்டது.

கதைசொல்லி பிறக்கிறார்

முகர்ஜி தொடக்கத்தில் கவிதைகளும் நாடகமும் எழுதினார். 'ரஜனி' என்னும் கவிதைத் தொகுதி 1916-இலும், 'சந்தியா' 1917-இலும் வெளிவந்தன. ஆனால் அவர் பெயரை நிலைநாட்டியவை இளம் வாசகருக்கான கதைகளே. 1922-இல் யானைக்கன்று ஒன்றும் ஒரு சிறுவனும் சேர்ந்து வளரும் 'காரி' வெளிவந்தது. 1924-இல் காட்டுச் சிறுவன் ஹரியின் கதையும், 1928-இல் வேட்டைக்காரன் கோண்டின் கதையும், 1929-இல் யானைக் கூட்டத் தலைவனின் கதையும் வந்தன. 1930-இல் இராமனின் கதையையும், 1932-இல் அனுமனின் கதையையும் அமெரிக்கச் சிறுவருக்கு ஏற்ப எழுதினார். அன்னை சொன்ன கதைகள் இவ்வாறு நியூயார்க் நகரப் பதிப்பகத்தின் அச்சில் ஏறின.

இந்திய ஆங்கில இலக்கியம் பயிலும் மாணவர்கள் ஒன்றைக் கருத வேண்டும். முல்க்ராஜ் ஆனந்தின் 'அன்டச்சபிள்', ஆர். கே. நாராயணனின் 'சுவாமியும் நண்பர்களும்' ஆகிய இரண்டும் 1935-இல் வந்தவை. அவற்றுக்குப் பல்லாண்டு முன்னரே அமெரிக்க வாசகரிடையே பரவலாகப் படிக்கப்பட்ட இந்திய எழுத்தாளர் முகர்ஜி. ஆயினும் நம் பாடத்திட்டங்களில் அவருக்கு இடம் அரிதாகவே கிடைக்கிறது.

புறாவின் பயணம்

1927-இல் 'கே-நெக்' என்னும் நூல் வெளியாயிற்று. நம் சித்ரகிரீவனுக்கு அவர் இட்ட ஆங்கிலப் பெயர் அது. படங்களை வரைந்தவர் போரிஸ் ஆர்ட்சிபாஷெப். அவரும் ரஷ்யாவிலிருந்து 1919-இல் அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்தவர். இருவேறு நாடுகளிலிருந்து வந்த இரு அயலார் சேர்ந்து உருவாக்கிய நூல் அது.

கதை இதுதான். கல்கத்தாவில் ஒரு சிறுவன் புறா வளர்க்கிறான். குஞ்சு பொரிவதும், சிறகு முளைப்பதும், முதன்முதல் பறப்பதும் நுணுக்கமாகச் சொல்லப்படுகின்றன. பிறகு சிறுவனும் கோண்டு என்னும் வேட்டைக்காரனும் புறாவை இமயமலைப் பகுதிக்குக் கொண்டு செல்கிறார்கள். அங்கே பருந்துகளின் தாக்குதலில் புறா அஞ்சி நடுங்குகிறது. மலைமேல் உள்ள பௌத்த மடத்தின் துறவிகள் அதன் அச்சத்தைப் போக்குகிறார்கள். பின்னர் முதல் உலகப் போர் மூள்கிறது. கோண்டும் புறாவும் இந்தியப் படையோடு பிரான்சு நாட்டுப் போர்க்களத்துக்கு அனுப்பப்படுகிறார்கள். குண்டுமழைக்கு நடுவே செய்தி சுமந்து பறக்கிறது புறா. அதன் தோழனான ஹிரா என்னும் புறா களத்திலேயே மடிகிறது. காயம்பட்டுத் தாயகம் திரும்பும் சித்ரகிரீவனுக்கு உடற்புண் ஆறிய பின்பும் பறக்க மனம் வரவில்லை. கோண்டின் உள்ளமும் கொலைக்களத்தைக் கண்டு நோயுற்றிருக்கிறது. இருவரும் மீண்டும் அந்த மடத்தை நாடி, அச்சமும் பகையும் நீங்கப் பெறுகிறார்கள். புறா மறுபடி வானில் எழுகிறது.

கதையின் சில பகுதிகளைப் புறாவே தன் வாயால் சொல்கிறது. பறவை பேசுமா என்று கேட்பவருக்கு, கற்பனையின் இலக்கணம் அறிந்தவருக்கு அதன் பேச்சுப் புரியும் என்பதே ஆசிரியரின் போக்கு. பஞ்சதந்திரத்தில் வளர்ந்த நமக்கு இது புதுமையன்று. ஆனால் முகர்ஜி அப்பழைய உத்தியை ஒரு புதிய துன்பத்தைச் சொல்லப் பயன்படுத்தினார் என்பதே கருதத்தக்கது.

பஞ்சதந்திரத்துச் சித்ரகிரீவனுக்குப் பகை வேடனின் வலை. முகர்ஜியின் சித்ரகிரீவனுக்குப் பகை அச்சம். தன்னுடையதல்லாத ஒரு போருக்காக, தான் அறியாத ஒரு நாட்டின் வானில் பறந்து, புண்பட்டு, வீடு திரும்பிய பின்பும் பழைய நிலைக்கு மீள முடியாத உயிரின் கதை இது. முதல் உலகப் போரில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கடல் கடந்து அனுப்பப்பட்டார்கள். அவர்களின் கதையாகவும் இதைப் படிக்கலாம். பிழைப்புத் தேடி அயல்நாடு சென்று, அங்கும் ஒட்டாமல் இங்கும் ஒட்டாமல் தவிக்கும் புலம்பெயர்ந்தோன் கதையாகவும் படிக்கலாம். தட்டுக் கழுவிய கதையைத் தன்வரலாற்றில் நேராகவே சொன்னவர் முகர்ஜி. ஆனால் சிறகிருந்தும் பறக்க முடியாத வேதனையைச் சொல்ல அவருக்கு ஒரு பறவை தேவைப்பட்டது. தன் துயரைத் தானே சொன்னால் தன்னிரக்கமாகும். புறாவின் துயராகச் சொன்னால் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் அதைத் தன் துயராக உணர்வான். கற்பனைக் கதையின் வலிமை அதுவேயன்றோ!

அமெரிக்க நூலகச் சங்கம் 1922 முதல் ஆண்டுதோறும் வழங்கி வரும் நியூபெரி பதக்கம் 1928-இல் இந்நூலுக்குக் கிடைத்தது. முதல் ஏழு ஆண்டுகளில் அப்பதக்கம் பெற்றவர்களுள் ஐவர் பிறநாட்டில் பிறந்தவர்கள் என்பது சுவையான செய்தி. முதற்பரிசு பெற்ற வான் லூன் டச்சு நாட்டவர். விலங்குகளோடு பேசும் மருத்துவர் டூலிட்டிலைப் படைத்த ஹ்யூ லோப்டிங்கும், 1925-இல் பெற்ற சார்லஸ் பிங்கரும் இங்கிலாந்தில் பிறந்தவர்கள். 1927-இல் பெற்ற வில் ஜேம்ஸ் கனடாவில் பிறந்தவர். லோப்டிங்கும் முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளிலிருந்து தம் பிள்ளைகளுக்கு எழுதிய கடிதங்களில்தான் டூலிட்டிலைப் படைத்தார். அயல்நாட்டில் பிறந்தோர் அந்நாட்டுப் பிள்ளைகளுக்குக் கனவுகளை வழங்கினார்கள். ஆயினும் மற்ற நால்வருக்கும் நிறத்தைக் காரணம் காட்டிக் குடியுரிமை வாயில் அடைக்கப்படவில்லை. முகர்ஜிக்கு மட்டுமே அது அடைபட்டிருந்தது.

தாயகத்துக்காக ஒரு குரல்

சித்ரகிரீவன் வெளிவந்த அதே 1927-இல், இந்தியாவை இழித்துரைக்கும் இன்னொரு நூலும் அமெரிக்காவில் வெளிவந்தது. காதரின் மேயோ எழுதிய 'மதர் இந்தியா' என்னும் அந்நூல் இந்தியர்கள் தன்னாட்சிக்குத் தகுதியற்றவர்கள் என்று காட்ட முனைந்தது. காந்தியடிகள் முதலியோர் அதை வன்மையாகக் கண்டித்தனர். முகர்ஜியும் 1928-இல் மறுப்பு நூல் ஒன்றை எழுதினார். ஒரே வேளையில் அமெரிக்கப் பிள்ளைகளின் கையில் புறாவும், பெற்றோரின் கையில் மேயோவும் இருந்தன என்பதை எண்ணிப் பார்த்தால், சிறுவர் கதை எழுதுவதும் ஒரு விடுதலைப் பணியே என்பது விளங்கும்.

1924-இல் வெளியான 'மை பிரதர்ஸ் பேஸ்' என்னும் நூலில், பல்லாண்டு கழித்துத் தாயகம் வந்தபோது கண்டவற்றையும், அண்ணனின் புரட்சி வாழ்வையும் எழுதினார். 1926-இல் இராமகிருஷ்ண பரமஹம்சரைப் பற்றி எழுதிய நூல், பிரெஞ்சுப் பேரறிஞர் ரோமன் ரோலந்தின் உள்ளத்தைத் தொட்டது. ரோலந்து பின்னர் 1929-இல் எழுதிய பரமஹம்சர் வரலாற்றுக்குத் தூண்டுகோலாய் அமைந்தது அதுவே.

மறைவும் மரபும்

புகழ் வந்தது, அமைதி வரவில்லை. பறவையின் அச்சத்தைப் போக்கிய மனிதரைத் தம் உள்ளத்துச் சோர்வு விடவில்லை. 1936-ஆம் ஆண்டு ஜூலை 14-ஆம் நாள், நியூயார்க் நகரில், தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். நாற்பத்தாறாம் பிறந்த நாள் கழிந்து எட்டு நாட்களே ஆகியிருந்தன. அவருடைய புலிக்கதையான 'பியர்ஸ் பேஸ்' வெளிவந்ததும் அவ்வாண்டில்தான்.

அந்த முடிவை வைத்து அவர் வாழ்வை எடைபோடுவது முறையன்று. மனநோவும் உடல்நோய் போன்றதே. தக்க துணையும் மருத்துவமும் வேண்டுவது. அதைத் தனியே சுமப்பவர் நம்மிடையேயும் உண்டு. சுமையைப் பகிர்ந்துகொள்ளக் கேட்பதில் இழுக்கு ஏதுமில்லை. கோண்டும் சித்ரகிரீவனும்கூடத் தனியே குணம் பெறவில்லை. உதவி நாடி மலையேறினார்கள்; அங்கே கதவைத் திறந்துவிடத் துறவிகள் இருந்தார்கள்.

முகர்ஜி மறைந்து பத்தாண்டு கழித்து, 1946 ஜூலையில், இந்தியர்கள் அமெரிக்கக் குடியுரிமை பெறலாம் என்னும் சட்டம் நிறைவேறியது. அப்போதும் குடியேற அனுமதிக்கப்பட்டவர் எண்ணிக்கை ஆண்டுக்கு 100 மட்டுமே. 1965-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகே வாயில் அகலத் திறந்தது.

அவ்வாயில் வழியே சென்றோரும் அவர்தம் மக்களும் இன்று எழுதுகிறார்கள். கல்கத்தாவில் பிறந்து அமெரிக்காவில் வாழும் சித்ரா பானர்ஜி திவாகருணி, 2003-இல் 'தி காஞ்ச் பேரர்' என்னும் மாயக்கதையை இளையோருக்காக எழுதினார். கல்கத்தாச் சிறுவன் ஒருவன் மந்திரச் சங்கைச் சுமந்து இமயத்துக்குப் பயணம் போகும் கதை அது. சித்ரகிரீவன் பறந்த அதே வழி! மலேசியச் சீனரின் மகனாய் ஆஸ்திரேலியாவில் பிறந்த ஷான் டான், 2006-இல் ஒரு சொல்கூட இல்லாமல் படங்களாலேயே புலம்பெயர்ந்தோன் கதையைச் சொன்னார். அதில் வரும் நகரம் எந்த நாட்டிலும் இல்லாத விந்தை நகரம். புதிய நாட்டில் இறங்குபவனுக்கு எல்லாமே அப்படித்தானே தோன்றும்! முகர்ஜியின் தன்வரலாறும் 2002-இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் பதிப்பாக மீண்டும் வெளிவந்தது. அவர் பயின்ற இடமே அவரை நினைவுகூர்ந்தது பொருத்தம்தான்.

நம் வகுப்பறைகளில் அமர்ந்திருப்போருள் அண்ணனையோ மாமனையோ கடல் கடந்த வேலைக்கு அனுப்பிவிட்டு, அவர் கடிதத்தையும் தொலைபேசியையும் எதிர்பார்த்திருக்கும் குடும்பத்தினர் பலர் உண்டு. ஊருக்கு வந்தவர் ஏன் பேச்சிழந்து திண்ணையில் அமர்ந்திருக்கிறார் என்று வீட்டார் வியப்பதும் உண்டு. கொண்டுவந்த பெட்டியை மட்டும் திறந்து பார்த்தால் போதாது. சிறகில் புண் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அதைக் கற்றுத் தரும் நூல்களுள் ஒன்று சித்ரகிரீவனின் கதை. ஆங்கிலம் பயிலும் மாணவர்கள் அதைத் தேடிப் படிக்க வேண்டும். இயன்றவர் எவரேனும் அதை நல்ல தமிழில் தந்தால், வலையோடு பறந்த அந்தப் பழைய புறா நம் பிள்ளைகளின் கையிலும் வந்து அமரும்.